கருவும் தாயும்: சட்டத்தின் வரம்பும் நமது கடமையும்

(சாத்தான்குளம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

பள்ளிவாசலில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்றை இன்று பேச முற்படுகிறோம். கருக்கலைப்புச் செய்யும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் அரசு விதித்துள்ள கட்டுப்பாடுகள் பற்றி நம்மிடையே இரு கருத்துகள் உள்ளன. சட்டம் பாவத்திற்கு வாசலைத் திறந்துவிட்டது என்பர் சிலர். சான்று, குழு என்று தவிக்கும் பெண்ணை அலைக்கழிக்கிறது என்பர் வேறு சிலர். இரண்டையும் எடைபோடுமுன், நமது குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இமாமத் செய்து வந்தோம். அஸருக்குப் பின் ஒரு தாய் வந்து வாசலில் நின்றார். "ஹஜ்ரத், மகளுக்கு இது மூன்றாவது. இருதயம் தாங்காது என்கிறார்கள். மஸ்அலா என்ன?" என்றார். "ஹராம்" என்ற ஒரே சொல்லைக் கூறிவிட்டு உள்ளே சென்றோம். எத்தனை நாள் கரு, மருத்துவர் கூறியது என்ன என்று கேட்கவில்லை. சில நாட்களில் அப்பெண்ணின் ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்றஞ்சி, மருத்துவர் சீட்டின்றி மாத்திரை வாங்கி உண்டு, உதிரப்போக்கை இரண்டு நாள் மறைத்தாராம். அவரை ஹராமிலிருந்து காத்ததாக எண்ணினோம். உண்மையில் இருட்டுக்குள் தள்ளிவிட்டோம்.

இத்தகைய இருட்டை ஒழிக்கவே 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, பதிவுபெற்ற தகுதியுள்ள மருத்துவர் மட்டுமே இதைச் செய்யலாம். அரசு மருத்துவமனையிலோ, அனுமதி பெற்ற இடத்திலோ மட்டுமே செய்யலாம். அனுமதிச் சான்று அங்கே கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். மீறுவோர்க்கு 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு மட்டும், இரு மருத்துவரின் கருத்தும் தேவை. அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருப்பின் மருத்துவக் குழு மூன்று நாட்களில் கருத்துக் கூற வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டுமெனில் இவ்வார வரம்புகள் தடையல்ல. பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவர்க்கும் தண்டனை உண்டு.

ஷரீஅத்தில் 120 நாளில் ரூஹ் ஊதப்படுவதாக ஹதீஸின் அடிப்படையில் இமாம்கள் கொள்கின்றனர். மருத்துவர்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவர். எனவே அந்த 120 நாள் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். அதற்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றிக் கலைத்தல் கூடாது. அதற்கு முன்னரும் தக்க காரணமின்றிக் கூடாது என்றே பலர் உரைத்தனர். காரணத்தின் அளவில்தான் கருத்து வேறுபாடு. 1990-இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹ் சபையும், 120 நாளுக்கு முன் கருவில் கடும் குறைபாடு இருப்பதை நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால் அனுமதிக்கலாம் என்றது. வறுமைக்கு அஞ்சிக் குழந்தையைக் கொல்வதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. பெண் என்பதற்காகக் கலைப்பதோ ஜாஹிலிய்யாவின் வழக்கம். பாலினம் கண்டறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமாக்கியுள்ளது.

ஆகவே, சட்டம் அனுமதிப்பதெல்லாம் நமக்கு ஹலாலாகி விடாது. அதற்காக மருத்துவரையும் இடத்தையும் வரம்புக்குள் நிறுத்தும் விதியை நாம் எதிர்ப்பதும் அறிவுடைமையன்று. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் கரு காக்கப்படுவதில்லை; தாயும் சேர்ந்தே அழிகிறாள். தாமதம் பற்றிய குறையில் உண்மை உண்டு. ஆயினும் முதல் தாமதம் பெரும்பாலும் நம் வீட்டிலே, நம் வெட்கத்திலே தொடங்குகிறது.

ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, இத்தகைய மஸ்அலாக்களைப் பெண்கள் தயங்காது கேட்க, ஓர் ஆலிமாவை நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். நாமும் மருத்துவரின் அறிக்கையைப் பாராது பதில் கூறமாட்டோம். இரண்டு, கடை மாத்திரையை நாடாமல் அரசு மருத்துவமனைக்கோ அனுமதி பெற்ற மருத்துவரிடமோ உடனே செல்லுமாறு ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். பெண்ணின் பெயரை மருத்துவர் காக்கும்போது, ஊரார் நாம் பரப்பலாமா? மூன்று, இன்னொரு பிள்ளைக்குச் சோறிட வழியில்லையே என்று கலங்கும் குடும்பத்தைப் பைத்துல்மால் தேடிச் செல்லட்டும். ஹராம் என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கவும் வேண்டும்.

அன்று வாசலில் நின்ற அந்தத் தாயிடம் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கு நாளை ரப்பிடம் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தோடு இதைக் கூறினோம். அல்லாஹ் நம் பிழை பொறுத்து, நம் பெண்மக்களின் உயிரையும் மானத்தையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.