துறையைத் தெரிவது யார்?



1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி, 1892இல்தான் பெண்களைச் சேர்த்தது. பிரசவத்துக்கு ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய தாய்மாருக்குப் பெண் வைத்தியர் தேவைப்பட்டனர். கனடாவிலிருந்து 1896இல் வந்த மேரி ரட்ணம் அம்மையாரும் பெண்களின் நலனுக்காகவே உழைத்தார்.

இன்று மருத்துவ பீடங்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் நம் நாட்டின் மகப்பேற்று நிபுணர்களில் பெரும்பாலோர் ஆண்களே. சத்திரசிகிச்சையிலும் அப்படித்தான்.

திறமை குறைவா? இல்லை. பிரசவம் நேரம் பார்த்து வருவதில்லை. பட்டப்பின் பரீட்சை, பல ஆண்டுப் பயிற்சி, பிறகு வெளிநாட்டுப் பயிற்சி என எல்லாம் நாம் பிள்ளை பெறும் வயதிலேயே வந்து சேர்கின்றன.

நானும் மகப்பேற்றுத் துறையையே விரும்பினேன். கைக்குழந்தையோடு இருந்த நாளில் நோயியலுக்குப் போனேன். இன்று அந்த வேலையை நேசிக்கிறேன். ஆனால் அன்று, எதில் எனக்கு ஆர்வம் என்று நான் யோசிக்கவில்லை; எதில் இருந்தால் மாலையில் திகன பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றே யோசித்தேன்.

இங்குள்ள தாய்மாரிடமும் மாமிமாரிடமும் ஒரு வேண்டுகோள். “பிள்ளையை யார் பார்ப்பது?” என்ற கேள்வியை மகளிடமும் மருமகளிடமும் மட்டும் கேட்காதீர்கள். மகனிடமும் மருமகனிடமும் கேளுங்கள். “இரவில் நான் பார்க்கிறேன், நீ போ” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அவள் தன் துறையைத் தானே தெரிவாள்.