கரும்பா, கிழங்கா?

மாதுங்காவில் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு பொட்டலம் பெரிய வினையை விளைத்தது. ஜெர்மனியில் பணிபுரியும் உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, பீட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கொண்டுவந்தார். "கரும்புச் சர்க்கரைதான் உடம்புக்குக் கெடுதல், இது கிழங்கிலிருந்து வருவது, தீங்கில்லாதது" என்றார். நீரிழிவின் காரணமாகப் பல ஆண்டுகள் சர்க்கரையில்லாத காப்பியே அருந்திவந்த எங்கள் பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. மறுநாள் முதல் அவருடைய காப்பியில் இரண்டு தேக்கரண்டி கிழங்குச் சர்க்கரை விழுந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு வெகுவாக ஏறியிருந்தது. மருத்துவர் காரணம் வினவினார். பெரியப்பா பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அன்று மருத்துவர் எங்களுக்கு விளக்கியதையும், பின்னர் நாங்கள் படித்தறிந்ததையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவு செய்துகொள்வோம். பீட் என்றதும், நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கே நினைவுக்கு வருகிறது. காய்கறியாயிற்றே, அதன் சர்க்கரையும் நல்லதாகத்தானே இருக்கும் என்று மனம் எண்ணுகிறது. ஆனால் சர்க்கரை எடுக்கும் கிழங்கு வேறு. அது இதே இனத்தைச் சேர்ந்ததாயினும் வெண்மை நிறமுடையது. இனிப்பு மிகுதியாக இருக்கும்படி வளர்க்கப்பட்டது.

இதன் வரலாறு சுவையானது. 1747-இல் பெர்லின் நகரத்து வேதியியலறிஞர் மார்க்கிராப், பீட் கிழங்கில் உள்ள இனிப்பும் கரும்பில் உள்ள இனிப்பும் ஒன்றே எனக் கண்டறிந்தார். அவருடைய மாணவர் அஷார்ட், 1801-இல் சைலீசியாவில் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையை நிறுவினார். பின்னர், பிரிட்டனுடன் மூண்ட போரினால் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட்டது. நெப்போலியன் 1811-இல் பீட் பயிரிடுமாறு ஆணையிட்டான். கரும்பு விளையாத குளிர்நாட்டார் இனிப்புக்குக் கண்ட வழி இது. நோய்க்குக் கண்ட மருந்து அன்று. இன்று உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இக்கிழங்கிலிருந்து கிடைக்கிறது.

கரும்பைப் பிழிந்து சாறு எடுக்கின்றனர். கிழங்கையோ மெல்லிய துண்டுகளாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுக்கின்றனர். சுண்ணாம்பு முதலியவற்றால் சாற்றைத் தெளிவித்து, வற்றக் காய்ச்சி, படிகங்களைப் பிரித்தெடுப்பது இரண்டிற்கும் பொது. இறுதியில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரையில் 100-க்கு 99 பங்குக்கு மேல் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள்தான். குடலில் அது குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. வயலில் கரும்பாக நின்றதா, மண்ணுக்குள் கிழங்காக இருந்ததா என்று குடல் வினவுவதில்லை. கரிமத்தின் நுண்வகைகளை அளந்து, இது கரும்பு, இது கிழங்கு என்று கூறும் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் உண்டு. நம் உடலில் அத்தகைய கருவி இல்லை.

மேல்நாட்டில் சைவ உணவினர் சிலர் கிழங்குச் சர்க்கரையை விரும்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. அங்குச் சில சுத்திகரிப்பு ஆலைகளில் கரும்புச் சர்க்கரையை எலும்புக் கரியால் வெளுப்பது வழக்கம். கிழங்குச் சர்க்கரைக்கு அது தேவையில்லை. நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே சாற்றை வெளுக்கின்றன. எவ்வாறாயினும் அது ஆசாரத்தைப் பற்றிய கேள்வி, நீரிழிவைப் பற்றியதன்று.

கிழங்குச் சர்க்கரையை நம்பிய பிழையை நாம் வேறு பெயர்களிலும் செய்துவருகிறோம். தாராவியில் வாழும் திருநெல்வேலிச் சீமையார் சீனி என்பர். மாதுங்காவிலும் செம்பூரிலும் சர்க்கரை என்பாரும் உண்டு. ஊரில் அஸ்கா என்று கூறும் முதியோரும் உளர். "சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஆகும், கோலாப்பூர் வெல்லம் ஆகும், தேன் ஆகும்" என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிதளவு தாதுப்பொருள்கள் இருப்பது உண்மை. அவற்றின் மணமும் சுவையும் வேறென்பதும் உண்மை. எனினும் அவற்றின் பெரும்பகுதி சுக்ரோசே. தேனும் குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகியவற்றின் கலவையே. நீரிழிவுடையாருக்கு இவற்றில் எதுவும் விலக்குப் பெற்ற பண்டமன்று.

அப்படியாயின் கவனிக்க வேண்டியது யாது? எது என்பதன்று, எவ்வளவு என்பதே. உணவிற் சேர்க்கும் இனிப்பு, நாளொன்றுக்கு நாம் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அதனிலும் பாதியாகக் குறைப்பது மேலும் நன்று என்றது. அப்பாதியளவு ஏறத்தாழ 25 கிராம், அதாவது சுமார் 6 தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இக்கணக்கில் அடங்கும். மும்பையில் வேலைக்குச் செல்வோர் நாளைக்கு நான்கு முறை தேநீர் அருந்துவது புதிதன்று. கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றாலும் எட்டாயிற்று. மாலையில் உண்ணும் இனிப்பு இக்கணக்கில் இன்னும் சேரவில்லை! நீரிழிவுடையாருக்கு உரிய அளவை அவர்தம் மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் எனக் கணித்தது. ஊரைவிட்டு வந்த நமக்கு அன்பைக் காட்டும் எளிய வழி இனிப்பாகிவிட்டது. விருந்தினருக்கு இனிப்பு, ஊரிலிருந்து வரும் பொட்டலத்தில் இனிப்பு. அதைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பிறர் கூறிய ஒரு சொல்லை நம்பி அளவை மறத்தல் கூடாது என்றே கூறுகிறோம்.

எங்கள் பெரியப்பா மீண்டும் சர்க்கரையில்லாத காப்பிக்குத் திரும்பினார். தைத்திங்களில் தாராவித் தெருக்களில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் நாளில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் மட்டும் உண்டார். அது வெல்லமா, சீனியா என்று அவர் கேட்கவில்லை. "அளவு சரிதானே?" என்று மட்டும் கேட்டார்.