தண்ணீர் எரியுமா?

(பள்ளிப்பட்டு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தண்ணீரை ஊற்றினால் மோட்டார் ஓடும், அதற்கொரு கருவி கண்டுபிடித்தாகிவிட்டது, பணம் போட்டால் பத்து மடங்காகத் திரும்பும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதே இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். பெட்ரோல் விற்கிற விலையில் இந்தப் பேச்சு காதுக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம் தறியை அடகு வைத்து இப்படிப்பட்டதில் பணத்தைப் போட்டுவிட்டால், பிறகு அது தலைநிமிர எத்தனை வருஷமாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இது புதிய பேச்சுமல்ல. 1996இல் இராஜபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை என்பவர், தண்ணீரோடு மூலிகை சேர்த்துக் காய்ச்சினால் பெட்ரோலாகும் என்றார். நாடே கொண்டாடிற்று. விஞ்ஞானிகள் எதிரில் வைத்துச் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. அதே 1996இல் அமெரிக்காவில், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் செய்தது மோசடி என்று ஓஹையோ மாகாண நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பணம் போட்டவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிற்று. ஆகவே இந்த ஆசைக்கு ஊருமில்லை, தேசமுமில்லை.

அப்படியானால் தண்ணீரில் எரிபொருளே இல்லையா என்று கேட்பீர்கள். தண்ணீரில் ஹைட்ரஜன் இருப்பது உண்மை. 1800இலேயே இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, ஹைட்ரஜன், பிராணவாயு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஹைட்ரஜன் நன்றாக எரியும். எரிந்தபின் என்னவாகிறது? பிராணவாயுவோடு கூடி மறுபடியும் தண்ணீராகிறது. இதிலிருந்து தெரிவதென்ன? தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை அடுப்பில் போட்டுச் சோறாக்க முடியுமா? சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமானால், அது எரிந்தபோது கொடுத்த சக்தி முழுவதையும் நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மந்திரம் சொன்னாலும், மூலிகை போட்டாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 9 லிட்டர் தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜன் வரும். அதற்குச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த 1 கிலோவை எரித்தால் கிடைப்பது 33 யூனிட் அளவு சூடு. அதையே மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது 17 முதல் 20 யூனிட்தான். 50 கொடுத்து 20 வாங்குகிற இந்த வியாபாரத்தில், காரின் பேட்டரியே தண்ணீரைப் பிரிக்கும், அந்த ஹைட்ரஜனே காரையும் ஓட்டிப் பேட்டரியையும் நிரப்பும் என்பது, ஒருவன் தன் தோளில் தானே ஏறிக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்பது போலாகும்.

நிற்க, ஹைட்ரஜனே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. பஞ்சாப் நங்கலில் 1960களில் பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தார்கள். 2014 ஜனவரியில் நம் நாட்டிலேயே செய்த குளிர் எஞ்சினில் திரவ ஹைட்ரஜனை எரித்து ராக்கெட் விட்டார்கள். 2023இல் இந்திய அரசு இதற்கென்று 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வெயிலிலும் காற்றிலும் உண்டாகும் மின்சாரம் மிஞ்சும்போது, அதை ஹைட்ரஜனாக்கிச் சேமிக்கலாம். உரத்துக்கும் உருக்காலைக்கும் பயன்படுத்தலாம். அதாவது ஹைட்ரஜன், சக்தியைச் சுமந்து செல்லும் வண்டியேயொழிய, சக்தி விளையும் வயலல்ல. நம் ஜில்லாவில் அத்திப்பட்டிலிருக்கும் அனல்மின் நிலையத்தைப் போல நிலக்கரி எரித்து உண்டாக்கும் மின்சாரத்தால் பிரித்தாலோ, 1 கிலோ ஹைட்ரஜனுக்கு முப்பது கிலோவுக்கு மேல் நிலக்கரி புகையாகும்.

ஆகவே தோழர்களே, யாராவது தண்ணீரில் வண்டி ஓட்டிக் காட்டினால் கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? எத்தனை யூனிட் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது? சம்பந்தமில்லாத ஒருவர், தன் பாத்திரத்தில், தன் தண்ணீரில், தன் கையால் செய்து பார்க்க விடுவீரா? உண்மையான விஞ்ஞானிக்கு இக்கேள்விகளால் கோபம் வராது. கோபம் வருகிறதென்றால், உங்கள் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.