விருந்தினரும் துபாசியும்: பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்கும் இரு வழிகள்



கணினித் தமிழின் தொடக்கக் காலத்தில் எழுதப்பட்டவற்றுள் பல, இன்று திறக்க இயலாத கோப்புகளாகக் கிடக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன்னர், மென்பொருளுக்கு மென்பொருள் எழுத்துக் குறியீடு வேறுபட்டது. 1997இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் முன்னின்று நடத்திய ‘தமிழ்நெட் 97’ மாநாட்டில் இச்சிக்கல் முக்கியமான பேசுபொருளாயிற்று. உரிய எழுத்துரு இல்லாவிடில், அக்கோப்புகளில் தெரிபவை பொருளற்ற குறிகளே.

இவற்றைத் திறக்க, அவை பிறந்த இயங்குதளத்தையே இன்றைய கணினிக்குள் விருந்தினராக அழைத்து இயக்கலாம். அதற்கு வழிகள் இரண்டு.

முதலாவது மெய்நிகராக்கம். இதில் விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒரே மொழி பேசுவோர். விருந்தினரின் கட்டளைகளுள் பெரும்பாலானவற்றைக் கணினிச் சில்லே நேரடியாக நிறைவேற்றுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், லினக்ஸின் கேவிஎம் ஆகியன இவ்வகையின. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் சில்லிலேயே அமைத்தன. வேகம் இதன் சிறப்பு. சில்லின் கட்டளை மொழி மாறினால் பயன்படாமை இதன் எல்லை.

இரண்டாவது எமுலேஷன், அதாவது போலச் செய்தல். இங்கே இருவர்க்கும் இடையே ஒரு துபாசி நிற்கிறார். பழைய சில்லின் ஒவ்வொரு கட்டளையையும் அவர் புதிய சில்லுக்குப் புரியும்படி பெயர்த்துரைக்கிறார். ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்ட கியூஎமுவும், டாஸ் விளையாட்டுகளுக்காக எழுந்த டாஸ்பாக்ஸும் இவ்வகையின. மொழிபெயர்ப்புக்கு நேரம் ஆகும். ஆதலின் வேகம் குறையும்.

எனினும், பழைய விருந்தினர்க்கு அவ்வேகக் குறைவு இடையூறன்று. விண்டோஸ் 95இன் பதிப்புகள், 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் வேகமுள்ள சில ஏஎம்டி சில்லுகளிலேயே தொடங்க மறுத்தன. காலத்தை அளக்கும் ஒரு சுழற்சி மிக விரைவில் முடிந்ததே காரணம். டாஸ்பாக்ஸிலோ வேகத்தை நாமே குறைத்து வைக்கலாம். மேலும், 2020 முதல் ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல் சில்லிலிருந்து ஆர்ம் வகைச் சில்லுக்கு மாற்றியது. அக்கணினிகளில் விண்டோஸ் 95ஐ மெய்நிகராக்கத்தால் மட்டும் இயக்க முடியாது, துபாசி வேண்டும்.

ஆகவே, அன்றாடப் பணிக்கு மெய்நிகராக்கமும், நெடுங்காலப் பாதுகாப்புக்கு எமுலேஷனும் ஏற்றவை என்பது என் முடிபு.

“யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் போதாதா?” என்று கேட்கலாம். கட்டுரையையும் கவிதையையும் மாற்றலாம். அக்காலப் பாடமென்பொருளை அவ்வாறு மாற்ற இயலாது. அதனை இயக்கித்தான் காணவேண்டும்.

பழைய நெகிழ்வட்டுகளை வைத்திருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். கோப்பை மட்டும் படியெடுக்காமல், வட்டு முழுவதையும் படியெடுங்கள். எழுத்துருவையும், மென்பொருளின் நிறுவல் வட்டையும் உடன் சேர்த்து வையுங்கள். காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. துபாசியை நாளையும் அமர்த்திக்கொள்ளலாம். அழிந்த வட்டிலிருந்து விருந்தினரை அழைக்க இயலாது.