காட்டுக்கடலைக்குப் பேர் வைத்த கதை



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைச்சுப்போய் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பேச மாட்டோம். வெள்ளிக்கிழமை பூசைக்கு அவிக்கிறோமே கடலை, அதைப் பற்றித்தான் பேச்சு. கச்சான் இல்லை, கடலை.

கடலை எங்கிருந்து வந்தது? “கடையிலேயிருந்து” என்று பின்னால் ஒரு பிள்ளை சொல்கிறது. சரிதான்! ஆனால் மனிதர் பயிர் செய்கிற எதற்கும் காட்டிலே ஒரு தாய்ச்செடி இருந்திருக்க வேண்டும். கடலைக்கு 1753ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு லின்னேயஸ் ‘சிசர் அரியட்டினம்’ என்று பேர் வைத்தார். விதை ஆட்டுக்கடாவின் தலை மாதிரி இருக்கிறதாம். அதற்குப் பிறகு இருநூறு வருடத்துக்கு மேலாகியும் தாய்ச்செடி எது என்று தீராமலே கிடந்தது.

தென்கிழக்குத் துருக்கியில் கிடைத்த ஒரு சின்னச் செடியை லடிசின்ஸ்கி என்ற இஸ்ரேல் நாட்டு அறிஞர் ஆராய்ந்தார். நிலத்தோடு படர்ந்து கிடக்கும் செடி. பார்த்தால் வெறும் களை. பூவைப் பிரித்தால் மேலே பெரிய இதழ் ஒன்று, பக்கத்தில் சிறகு மாதிரி இரண்டு, அடியில் தோணி மாதிரி ஒட்டின இரண்டு. அப்படியானால் அவரைக் குடும்பம். நம்ம மலையில் நிழலுக்கு நிற்கிற முள்முருக்கும் அதே குடும்பம்தான். காயோ கட்டை, ஊதினாற்போல, உள்ளே ஒன்றிரண்டு விதை. அப்படியானால் கடலைச் சாதி.

அந்தச் சாதியில் எது? இங்கேதான் கண் வேண்டும். அதே துருக்கியிலிருந்து இன்னொரு காட்டுக்கடலைக்கு 1969இல் டேவிஸ் என்பவர் பேர் வைத்திருந்தார். அதன் விதைத்தோலில் பொடி முள். இதன் விதையிலோ முள் இல்லை, வலை பின்னினாற்போல் கோடுகள். ஆகவே 1975இல் ‘சிசர் ரெட்டிகுலேட்டம்’, வலைக்கடலை, என்று வெளியிட்டார்.

பேர் வைப்பது சும்மா வாயால் சொல்கிற காரியமில்லை. செடியைப் பூவோடும் காயோடும் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுத வேண்டும். அதில் ஒன்றை அந்தப் பேருக்குரிய மாதிரியாகப் பத்திரப்படுத்த வேண்டும். நம்ம பேராதனைப் பூந்தோட்டத்திலும் இப்படி ஒட்டிய செடிகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் விவரத்தை லத்தீன் மொழியில் எழுதியாக வேண்டும். 2012 முதல்தான் ஆங்கிலமும் போதும் என்றார்கள்.

பிறகு நம்ம கடலையோடு ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் 16 நிறமூர்த்தங்கள். பிறந்த செடி நன்றாகக் காய்த்தது. முள்விதைக் கடலையோடு சேர்த்ததோ பெரும்பாலும் மலடு. தாய் யார் என்பது அதோடு தெரிந்தது.

இதனால் யாருக்கு என்ன? பயிர்க்கடலைக்குள் வேறுபாடு மிகக் குறைவு. ஒரு நோய் வந்தால் வயல் முழுதும் சேர்ந்து விழும். தாங்குகிற குணத்தைத் தாய்ச்செடியிடமிருந்துதான் தேட வேண்டும். அதுவோ சில மலைகளில் மட்டும் இருக்கிற செடி. ஆடு மேய்ந்து, நிலம் உழுது அழிந்துபோனால் திரும்ப எடுக்க இடமில்லை. அதனால்தான் 2013இல் ஆய்வாளர்கள் மறுபடி அங்கே போய் விதை சேகரித்தார்கள்.

நம்ம மலையில் புல்லு வெட்டுகிற அம்மாமாருக்குத் தெரிகிற செடிகள் எத்தனையோ. அவர்களிடம் கேட்டவர்தான் குறைவு. தெரியாத செடியைக் கண்டால் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைப் பழைய பத்திரிகைக்குள் வைத்து, மேலே கல் வைத்து அழுத்துங்கள். எந்த மலை, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஒன்றே ஒன்றுதான் நிற்கிறதென்றால் பிடுங்காதீர்கள். எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.