புகையும் நெருப்பும்: பக்கவாதம் குறித்து மரபணு கற்பிக்கும் பாடம்

(அரியாங்குப்பத்தில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் மருத்துவம் பேச வந்தது ஏன் என நீங்கள் வியக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் கணவர் பக்கவாதத்தால் வீழ்ந்தார். ஊன் உண்ணாதவர், மதுவும் புகையும் அறியாதவர். "அறம் பிறழாத வீட்டுக்கு இது எப்படி வந்தது?" என்று தமக்கையார் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

புலால் உண்ணாமை, உயிர்களிடத்துக் கொண்ட அருளால் நாம் ஏற்ற நோன்பு. நோய்க்கு அஞ்சி ஏற்றதன்று. ஆகவே அதன் உடல்நல விளைவுகளை நேர்மையாக நோக்க நாம் தயங்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஊன் உண்போரைவிட மரக்கறி உண்போர்க்கு மாரடைப்பு முதலிய இதயநோய் 22 விழுக்காடு குறைவு. பக்கவாதமோ 20 விழுக்காடு மிகுதி. அதாவது பத்தாண்டுகளில் ஆயிரம் பேருக்கு மூவர் கூடுதல். வைட்டமின் பி12 குறைவு இதற்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் ஐயுற்றனர்.

பி12 செடிகொடிகளில் இல்லை. அது குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் பெருகும். புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 441 ஆடவரை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, 67 விழுக்காட்டினர்க்குப் பி12 குறைவு. 58 விழுக்காட்டினர்க்கு ஹோமோசிஸ்டீன் மிகுதி. மரக்கறி உண்போர்க்குப் பி12 குறையும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல்.

ஹோமோசிஸ்டீன் மிகுந்தோர்க்குப் பக்கவாதம் அதிகம் என்பது முன்பே தெரியும். ஆயினும் அது நோயை உண்டாக்கும் நெருப்பா, நோயோடு எழும் புகையா? புகையைக் கண்டு நெருப்பை உணரலாம். புகையை விசிறிக் கலைத்தால் நெருப்பு அணையாது. இதைப் பிரித்தறிய உதவுவதே மரபணு.

நாம் உண்பதும் உழைப்பதும் வாழ்நாளில் மாறும். கருவுறும்போது பெற்ற மரபணு மாறாது. பெற்றோரிடமிருந்து எது வந்து சேரும் என்பது திருவுளச்சீட்டுப் போன்றது. ஒரு பொருளை இரத்தத்தில் பிறவியிலேயே மிகுவிக்கும் மரபணுவைப் பெற்றவர்க்கு நோயும் மிகுந்தால், அப்பொருள் நெருப்பு. நோய் மிகாவிடில், வெறும் புகை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் இரத்தக் குறியீட்டைக் கோபன்ஹேகன் ஆய்வாளர் 2008-இல் இவ்வாறு சோதித்தனர். அது புகை என்றே தெரிந்தது.

ஹோமோசிஸ்டீன் அப்படியன்று. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் ஒரு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு அது மிகுகிறது. 111 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளிவந்த கட்டுரை, அத்தகையோர்க்குப் பக்கவாத வாய்ப்பும் ஏறத்தாழ கால்பங்கு கூடுதல் எனக் காட்டியது. 2011-இல் வந்த பெருந்தொகுப்பு இன்னொன்றையும் உணர்த்திற்று: ஃபோலிக் அமிலம் நிறைந்த உணவுள்ள நாடுகளில் அம்மரபணுவால் தீங்கு ஏறக்குறைய இல்லை. பிறவியில் வந்த குறையை உணவு ஈடுசெய்கிறது என்பதே இதன் பொருள். சீனத்தில் இரத்த அழுத்தமுள்ள 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்த சோதனையில், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் பெற்றவர்க்கு முதற் பக்கவாதம் 21 விழுக்காடு குறைந்தது. இது 2015-இல் வெளிவந்தது. எனினும் முன்பே பக்கவாதம் கண்ட 8,000-க்கும் மேற்பட்டோர்க்குப் பி வகை வைட்டமின்கள் கொடுத்த சோதனை, 2010-இல், தெளிவான பயன் காட்டவில்லை. எனவே மாத்திரை ஒன்றே காக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

நாம் செய்யத்தக்கவை சில. நாற்பதைக் கடந்தோர் பி12 அளவைச் சோதித்துக் கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்போர் தவறாமல் பாருங்கள். பாலும் தயிரும் ஓரளவு உதவும். குறை இருப்பின் மருத்துவர் சொற்படி மாத்திரை கொள்ளுங்கள். மாத்திரையிலுள்ள பி12 நுண்ணுயிர்களை வளர்த்துப் பெறுவது, ஊனிலிருந்து எடுப்பதன்று. ஆனால் குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின். அதனால் உறையில்லா மாத்திரையைக் கேளுங்கள். பி12 குறைந்திருக்க ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்ணாதீர். சோகை மறைந்து, நரம்புக் கேடு உள்ளே வளரும். எல்லாவற்றினும் முதன்மையானது இரத்த அழுத்தம். ஊறுகாயும் அப்பளமும் மரக்கறியே; ஆயினும் உப்புக் களஞ்சியங்கள்!

என் தமக்கையின் கணவருக்குப் பி12 மிகக் குறைவு. இரத்த அழுத்தமோ பல்லாண்டு பாராமல் விடப்பட்டது. அறம் அவரைக் கைவிடவில்லை. அளந்து பார்க்க நாங்கள்தாம் தவறினோம். பிறப்போடு வந்ததை மாற்ற இயலாது. நம் கையில் உள்ளதைச் செய்ய இயலும். வினைப்பயனைக் கூறும் நம் அறம், முயற்சியைக் கைவிடச் சொன்னதில்லை. பிற உயிரைப் பேணும் நாம் நம் உடம்பையும் பேணுவோம்.