போருக்கு முன் மாறிய சொற்கள்



பாசிசம் எவ்வாறு எழுந்தது, அது எவ்வாறு உலகப் போரில் போய் முடிந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பொருளாதாரத்தைக் கொண்டும் படைபலத்தைக் கொண்டும் விளக்கியுள்ளனர். மொழி மன்றத்தில் பேச வந்த நான் வேறு வாயில் வழியாக நுழைய விரும்புகிறேன். அக்காலத்துக் கொடுஞ்செயல்கள் பலவும் தமக்கு உரியதல்லாத பெயரைச் சூடிக்கொண்டே வந்தன. தடுத்திருக்கக் கூடியவர்கள் முதலில் அந்தப் பெயரைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

'பாசிசம்' என்னும் சொல்லையே பாருங்கள். இத்தாலிய மொழியில் 'பாசியோ' என்றால் கட்டு. ஆட்களின் கூட்டு என்றும் பொருள். 1890களில் சிசிலித் தீவின் ஏழை உழவர்களும் தொழிலாளர்களும் அமைத்த சங்கங்கள் இப்பெயரையே தாங்கியிருந்தன. 1919 மார்ச்சில் மிலான் நகரில் தம் இயக்கத்தைத் தொடங்கிய முசோலினி, உழைப்பவரின் சொல்லை எடுத்து அவர்களுக்கு எதிராகவே வீசினார். 1922 அக்டோபரில் நடந்ததை 'ரோமாபுரி அணிவகுப்பு' என்று இன்றும் நூல்கள் குறிக்கின்றன. படைத்துறைச் சட்டத்தை அறிவிக்க அமைச்சரவை ஆயத்தமாக இருந்தது. மன்னர் கையொப்பமிட மறுத்தார். முசோலினியோ மிலானிலிருந்து இரவு ரயிலேறி வந்து பதவியைப் பெற்றுக்கொண்டார்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1928 தேர்தலில் ஹிட்லரின் கட்சி பெற்ற இடங்கள் 12. பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் பெருகப் பெருக, 1932 ஜூலையில் அது 230 ஆயிற்று. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அக்கட்சியின் வாக்குகள் 37 விழுக்காட்டிலிருந்து 33க்கு இறங்கின. வகுப்பறையில் இந்த இடத்திற்கு வந்தால் நான் சற்று நின்றுவிடுவது வழக்கம். ஏறிக்கொண்டிருந்த கட்சிக்கன்று, இறங்கத் தொடங்கிய கட்சிக்கே 1933 ஜனவரி 30இல் ஆட்சி கையளிக்கப்பட்டது. ஹிட்லரைத் தம் பிடிக்குள் வைத்திருக்கலாம் என்று நம்பிய பழமைவாதத் தலைவர்கள் செய்த வேலை அது.

அடுத்த மாதம் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் பறிக்கப்பட்டன. அந்த ஆணையின் பெயர், மக்களையும் நாட்டையும் காக்கும் ஆணை. விசாரணையின்றி ஆட்களை அடைப்பதற்குப் பெயர், பாதுகாப்புக் காவல். மார்ச் 23இல் நாடாளுமன்றமே தன் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லருக்குத் தாரைவார்த்த சட்டத்தின் பெயர், மக்களின் இடர் நீக்கும் சட்டம்! பொதுவுடைமைக் கட்சியினர் அவைக்குள் வர முடியவில்லை. சீருடையணிந்த அடியாட்கள் சூழ்ந்து நிற்க, ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவருடைய சமூக சனநாயகக் கட்சியின் 94 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். மற்றக் கட்சிகள் யாவும் ஆதரித்தன.

இதே வழக்கம் நாட்டெல்லையையும் கடந்தது. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தை மியூனிக்கில் பங்கிட்டபோது அந்நாட்டுக்கு அங்கே இருக்கை இல்லை; அதற்குச் சூட்டிய பெயர் அமைதி. 1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர் போல் நடித்த ஜெர்மானியர்கள் தம் நாட்டு வானொலி நிலையம் ஒன்றையே தாக்கினர். மறுநாள் போலந்துக்குள் புகுந்த ஹிட்லர், தம் படை திருப்பிச் சுடுவதாக அறிவித்தார்.

கிழக்கே ஜப்பான் 1937இல் சீனாவின்மீது தொடுத்த பெரும்போரைச் 'சம்பவம்' என்றது. இதில் ஒரு கணக்கும் இருந்தது. போர் என்று அறிவித்தால், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வரும். ஜப்பானிய ஆட்சியைப் பாசிசம் எனலாமா என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு; எனினும் 1940இல் அது ஜெர்மனியோடும் இத்தாலியோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் அதன் படை கரையிறங்கியது. 1942 பிப்ரவரியில் வீழ்ந்த சிங்கப்பூர், 'தெற்கின் ஒளி' என்று பொருள்படும் 'சியோனான்' ஆயிற்று. 'கூட்டு வளம்' என்ற முழக்கத்தின்கீழ்தான் நம் தோட்டத்துத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; பல்லாயிரவர் திரும்பவில்லை.

இந்தப் பெயர்களை நாள்தோறும் குறித்துவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்டர் கிளெம்பரர், டிரெஸ்டன் நகரில் பிரெஞ்சு முதலிய மொழிகளின் பேராசிரியர். யூதராகப் பிறந்ததால் 1935இல் பணியிழந்தார். பிறகு நூலகமும் அவருக்கு மூடப்பட்டது. அவர் தம் நாட்குறிப்பில் மொழியைக் கவனித்தார். 'வெறிகொண்ட' என்ற இழிசொல் எப்படிப் புகழுரையாக மாறியது, அண்டை வீட்டாரும், ஏன், ஒடுக்கப்பட்ட யூதர்களும்கூட அறியாமலே அம்மொழியை எப்படிப் பேசத் தொடங்கினர் என்று எழுதினார். பிடிபட்டால் மரணம். அவர் மனைவி ஏவா அத்தாள்களைக் கொண்டுபோய்ப் பீர்னா நகரில் தோழி ஒருவரிடம் ஒளித்துவைத்தார்.

போர் முடிந்தபின் அவருக்குத் தயக்கம். இத்தனை பேர் மாண்டிருக்க, சொற்களைப் பற்றி ஒரு நூல் எதற்கு? அப்போது அகதிகளிடையே பெர்லினைச் சேர்ந்த எளிய பெண்மணி ஒருவரைச் சந்தித்தார். அவர் சிறையில் இருந்தவர். எதற்காக என்று கேட்டதற்கு, சில சொற்களைச் சொன்னதற்காக என்றார் அப்பெண்மணி. கிளெம்பரர் வீடு திரும்பித் தம் குறிப்புகளை அடுக்கலானார். நூல் 1947இல் வெளிவந்தது.